உடுத்தாத பழைய துணி

என் தங்கையின் பீரோவில் கீழ்த்தட்டை யாராவது திறந்தால் அவளுக்குக் கோபம் வரும். அவள் கோபத்தைக் கண்டால் எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வரும். அதனால் அந்தத் தட்டைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

உள்ளே இருந்தது துணி. அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்தது. மஞ்சளில் வாத்து, நீலத்தில் மீன், வெள்ளையில் சிவப்புப் பழம். பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை தைக்கவாம். நெய்யூர் ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம், நேர்ச்சை எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளை பிறக்கவில்லை. ஒரு லீவில் அவர் துணி வாங்காமல் வந்தார். அவளும் கேட்கவில்லை.

இந்த வருடம் என் மகள் எங்கள் வீட்டில் பெண்குழந்தை பெற்றுப் படுத்திருந்தாள். பார்க்க வந்த தங்கை ஆட்டோவிலிருந்து ஒரு பொதியை இறக்கினாள். அவிழ்த்ததும் அந்துருண்டை மணம் மூக்கில் ஏறியது. எம்மாடி, என்ன நிறம்! முப்பது வருடம் இருட்டில் கிடந்த வாத்துகள் நேற்று அச்சடித்ததுபோல என்னைப் பார்த்தன.

"போர்வையாட்டு தச்சுத் தாக்கா," என்றாள்.

"சட்டை தைக்கலாமேட்டி?"

"சட்டை நாலு மாசத்துல சின்னதாயிரும். போர்வைன்னா கிடக்கும்லா?"

அவள் கட்டம் கட்டமாக வெட்டினாள், நான் மெஷினில் சேர்த்துத் தைத்தேன். கத்தரி வைக்கும் முன் ஒவ்வொரு துணியையும் தடவிப் பார்ப்பாள். நான் அவசரக்காரி. ஆனாலும் அவள் தடவி முடிக்கும்வரை மெஷினை நிறுத்தியே வைத்திருந்தேன். தைத்து முடித்துக் கட்டிலில் விரித்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். நம் கையால் ஆனதா இது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

மகள் பிள்ளையைத் தூக்கி அதில் கிடத்தப் போனாள். அவள் மாமியார் தாழக்குடியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"அதுல கிடத்தாதே மக்கா!"

தங்கை சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஏன் மைனி? யாரு குடுத்த துணின்னு பாத்துச் சொல்லுதியளா?"

சம்பந்தி என்னைக் கிறுக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இது கோடில்லா மைனி! கோடியில யாராவது பச்சப்பிள்ளையக் கிடத்துவாளா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. கோடி என்றால் யாரும் உடுத்தாத புதுத்துணி. பிறந்த பிள்ளையைப் பெரியவர்கள் உடுத்திப் பழகிய சேலையிலும் வேட்டியிலும்தான் கிடத்துவோம். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். பீரோவில் அத்தனை காலம் கிடந்ததால் பழசு என்றே நினைத்துவிட்டோம். யார் உடம்பிலும் படாத துணி எத்தனை வருடம் கிடந்தாலும் கோடிதான்.

"இங்க தாங்க. பிள்ளைக்க இருபத்தெட்டு கெட்டுக்கு இதுலதான் கிடத்தணும். அதுக்குள்ள போத்திப் பழக்கிருவோம்," என்று சம்பந்தி போர்வையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கெட்டு என்பது இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு இடுப்பில் கயிறு கட்டும் சடங்கு.

முதலில் அவர் போர்த்தினார். அவர் மூத்த மருமகள் போர்த்தி எங்களுக்குக் கொடுத்தனுப்பினாள். எங்கள் தெருப் பெண்கள் என் கையிலிருந்து பிடுங்காத குறை. மணவாளக்குறிச்சியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவும் கேட்டார். நான் கொஞ்சம் தயங்கினேன்.

"மீன் படம் போட்ட துணிக்கு மீன்காரி ஆகாதா? ஏழு பெத்து வளத்த உடம்பாக்கும்!" என்று சிரித்தபடி வாங்கிப் போனார்.

ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் போட்டேன். தொட்டால் கன்னம்போல மெத்தென்று ஆகிவந்தது. முப்பது வருடம் செய்யாததை இந்தப் பெண்களின் உடம்புச்சூடு செய்துகொண்டிருந்தது. கொடிக்கயிற்றின் கீழே நின்று மலைத்துப்போவேன்.

கெட்டுக்கு முந்தின நாள் சம்பந்தி போன் செய்தார். "எல்லாரும் போத்தியாச்சா?"

"ஆச்சு மைனி."

"ஒங்க தங்கச்சி?"

அவளை யாரும் நினைக்கவில்லை, நானும்தான்.

"கடைசியா அவதான் போத்தணும். பொறவு துவைக்காதீங்க. அவ மணத்தோட பிள்ளை கிடக்கட்டும்."

கெட்டுக்கு வந்திருந்த தங்கையிடம் போர்வையை நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள். "எனக்கு வேண்டாம்க்கா. பெத்தவங்க போத்துனது அது. நான் பெறாதவ."

"ஏட்டி, துணி யாருக்குள்ளது? வாய மூடிட்டுப் படு!"

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு எட்டிப் பார்த்தால், கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, ஒரு வாத்துக் கட்டத்தைக் கையில் பிடித்தபடி வாய் திறந்து தூங்குகிறாள். நான் அடுக்களையில் போய் அழுதேன்.

மறுநாள் கயிறு கட்டும்போது பிள்ளை வீடு இரண்டாகும்படி அலறியது. கை மாறி மாறிப் பார்த்தும் அடங்கவில்லை. கடைசியில் தங்கையின் மடியில் போர்வையை விரித்துக் கிடத்தினோம். அது கன்னத்தைத் துணியில் தேய்த்தது, விக்கியது, அடங்கிப்போனது.

தங்கை குனிந்து மோந்து பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "அந்துருண்டை மணம் போயிட்டு."