பித்தளைக் குடத்துத் தண்ணீர்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்து வீட்டில் இரண்டு குடங்கள் இருந்தன. ஈயக்குடத்தில் ஆற்றுத் தண்ணீர், அது எங்களுக்கு. பித்தளைக் குடத்தில் மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் பாறையில் கசியும் ஊற்றுத் தண்ணீர். அது சாமிக்கும் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும். ஊற்று நூல் கனத்துக்குத்தான் கசியும். அடியில் இருந்த பாறைக்குழியில் தேங்கியதை மொண்டுவிட்டால் மறுபடி நிறைய அரை நாள் ஆகும். இருபது வீடுகள் குடிக்க அது எங்கே காணும்? அதனால் முறை வைத்து வீட்டுக்கு வாரம் ஒரு குடம் என்று வைத்திருந்தார்கள். தெரியாத்தனமாகப் பித்தளைக் குடத்தில் டம்ளரை விட்டு அம்மாவிடம் நான் வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கில்லை.

ஆறு கெடுவதற்கு முன்னால் இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. லயத்துக்குப் பின்னால், தேயிலைச் சரிவின் அடியில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு மடு இருந்தது. ஆனைக்குழி என்போம். தண்ணீர் அப்படிக் குளிரும். சித்தப்பா அதன் நடுவில் கைகளை விரித்து நிற்பார். நான் பாறையிலிருந்து அவர் மேல் குதிப்பேன். பிடிக்காமல் விட்டுவிடுவது போல ஒரு நொடி ஏமாற்றிவிட்டுத்தான் பிடிப்பார். ஒவ்வொரு முறையும் நான் அலறுவேன், ஒவ்வொரு முறையும் அது எனக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ நீச்சல் குளங்களைப் பார்த்துவிட்டேன். அந்த மடுவுக்கு ஈடாகாது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கென்ன தெரியும், அங்கே சித்தப்பா நின்றார் என்பது.

அப்பாவின் தம்பி அவர். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. புல்லைக் கொல்வது, பூச்சியைக் கொல்வது எல்லாவற்றுக்கும் எங்கள் பேச்சில் மருந்து என்றுதான் பெயர். சம்பளம் போட்டதும் கியா பார்ம் சந்தைப் பக்கம் போய் ஸ்ட்ராபெர்ரி வாங்கி, நாளிதழில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார். பாதி நசுங்கித்தான் வந்து சேரும். அந்த நசுங்கிய வாசனை எங்கேயாவது எதிர்ப்பட்டால் இன்றைக்கும் எனக்கு வயது ஒன்பதாகிவிடும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஸ்டோரில் கிடந்த கெட்டுப்போன மருந்துப் பீப்பாய்களைக் கம்பெனி புதைக்கச் சொன்னது. முறைப்படி லோரி ஏற்றிக் கீழே அனுப்பியிருக்க வேண்டுமாம். அதற்குச் செலவாகும் அல்லவா? லயத்துக்கு மேலே, ஆறு திரும்பும் வளைவின் கரையில் குழி வெட்டினார்கள். வெட்டிய எட்டுப் பேரில் சித்தப்பாவும் ஒருவர். பெரிய மழை வந்து போன பிறகு ஆனைக்குழியில் நுரை கட்டியது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எங்களுக்கோ கொண்டாட்டம். நான் பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா மிளகாய் அரைத்துச் சட்டியை அடுப்பில் ஏற்றிய நேரத்தில் சித்தப்பா வந்தார். வாசனையைப் பிடித்தார். சட்டியைத் தூக்கி வெளியே கவிழ்த்துவிட்டார். அதோடு நிற்கவில்லை, இனி ஆனைக்குழிப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று என்னிடம் சொன்னார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

கிராணியிடம் சொல்லிப் பார்த்தார்கள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். எங்களுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். காய்ச்சிக் குடித்தால் எல்லாம் போய்விடும் என்றார். காய்ச்சிக் குடித்தோம். அம்மாவின் கைகளில் அரிப்பு வந்தது, அதைக் காய்ச்ச முடியவில்லை. சித்தப்பா ரிங்லெட் டவுனுக்குப் போய், மலாய் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, அரசாங்கத்துக்கு மனு எழுதிப் போட்டார். தன் பெயரை மட்டும் எழுதினார். மற்ற ஏழு பேருக்கும் குடும்பம் இருந்தது, லயத்து வீடும் வேலையோடு சேர்ந்தது.

மாதங்கள் கழித்து ஓர் அதிகாரி வருவதாகத் தோட்ட மேலாளரான துரைக்குக் கடிதம் வந்தது. பெண் பார்க்க வருவது போல நாள் சொல்லித்தான் வந்தார்கள். அதற்குள் ஸ்டோருக்குச் சுண்ணாம்பு அடித்து, குழியின் மேல் புல் பதித்து, பூச்செடியும் நட்டாகிவிட்டது. அன்றைக்குக் காலையில் சித்தப்பாவைத் தூரத்து மலைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, அந்த ஆளு வந்தா ஆனைக்குழித் தண்ணிய காட்டிரு. நம்ம குடிக்கிற எடம் இதான்னு சொல்லு. மறந்துறாத லா.”

தலையை ஆட்டினேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட மலாய்க்காரர். தணிந்த குரலில் பேசினார். கிராணி அவரை முதலில் ஆற்று வளைவுக்கு மேலே, குழியைத் தாண்டிக் கூட்டிப்போய் ஒரு பாட்டிலை நிரப்ப வைத்தார். அங்கே தண்ணீர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது பாட்டில் லயத்துக்குக் கீழே எடுப்பதற்கு. இறங்கி வரும் வழியில் மழைச் சேற்றில் வழுக்கி விழுந்து அவருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. எங்கள் வீடுதான் முதல் வீடு. வாசல் பலகையில் உட்கார வைத்து, அம்மா பித்தளைக் குடத்துத் தண்ணீரில் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

நான் போய் எடுத்து வருகிறேன் என்று கிராணி கையை நீட்டினார். அதிகாரி கொடுக்கவில்லை. கம்பெனி ஆள் கையில் பாட்டிலைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்த நல்ல மனிதர் அவர். சுற்றிப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைக் கூப்பிட்டு, நீங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் இதை நிரப்பிக்கொண்டு வா என்று மலாயில் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஆனைக்குழிக்குத்தான் போனேன். கரையில் குந்திப் பாட்டிலைச் சாய்த்தேன். மஞ்சள் நுரை ஒன்று வாயருகே வந்து நின்றது. மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்த நாற்றம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரேடியோவில் பேசுகிறவர்கள் போலப் பேசும் பெரிய மனிதர், காலில் அடிபட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், முதல் முறையாக ஒன்று கேட்டிருக்கிறார். அவர் கையில் இதையா கொடுப்பது? வந்தவங்களுக்கு நாத்தத் தண்ணியக் குடுத்தா நம்ம மானம் என்ன ஆவறது என்று அம்மா தினமும் சொல்வது காதில் விழுந்தது.

எழுந்து கோவில் மேட்டுக்கு ஓடினேன். இரண்டு பாதையும் பிரியும் இடத்தில் கிராணி சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேலே திரும்புவதைப் பார்த்தார். கையில் பாட்டிலையும் பார்த்தார். ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

பாட்டிலை வாங்கிய அதிகாரி அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “பெர்சே,” என்றார். சுத்தம் என்று அர்த்தம். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார். நாங்கள் எடுக்கும் இடத்தில்தான் என்று சொல்லிவிட்டேன். வாரம் ஒரு முறை என்றாலும் எடுக்கும் இடம்தானே. கிராணியும் ஆமாம் ஆமாம் என்றார். வேலிக்கு ஓணான் சாட்சி. போகும்போது கிராணி என் தலையைத் தடவி, “கெட்டிக்காரப் பிள்ள லா,” என்றார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு டின் பிஸ்கட் வந்தது.

சித்தப்பா இருட்டும் நேரத்தில் வந்தார். நான் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அந்த வண்டி போயி எவ்ளோ நேரம் ஆச்சு?”

“மத்தியானமே போயிருச்சு.”

மறுபடி காலைக் கழுவத் தொடங்கினார். வெகு நேரம் கழுவினார்.

சில வாரத்தில் பதில் வந்தது. தண்ணீரில் குறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்ததாம். பொய்ப் புகார் கொடுத்துக் கம்பெனியின் பெயரைக் கெடுத்ததற்காகத் துரை சித்தப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார். அப்பாவுக்குத் தன் வேலையும் போய்விடுமோ என்ற பயம். வீட்டில் கத்தினார்.

“இல்லாததை எதுக்குடா எழுதிப் போட்ட?”

நான் சுவரோரம் உட்கார்ந்து அந்த டின் பிஸ்கட்டில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா என்னை ஒரு முறை பார்த்தார்.

“தப்பா நெனச்சிட்டேண்ணே,” என்றார்.

அவ்வளவுதான். அவர் அப்படிச் சொன்னதால், அவர்தான் ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று நானும் நம்பினேன். தோட்டத்தை விட்டுப் போனவர் பிறகு திரும்பி வரவேயில்லை. ஜொகூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், சிங்கப்பூரில் என்று இன்னொருவர் சொன்னார். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, நாளிதழில் யாரோ ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஓர் ஆற்றில் பாட்டிலை முக்கும் படத்தைப் பார்த்தேன். அந்தப் பாட்டில் எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவரைத் தேடுகிறேன். கண்டால் என்ன சொல்வது என்று தெரியாது. காலைப் பிடித்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன். ஆனைக்குழி மண் மூடிப் போய்விட்டது.

அவர் கிளம்பிய காலையில் மலை முழுக்கப் பனி. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரியில் இடம் சொல்லி வைத்திருந்தார். வாசலில் பெட்டியோடு நின்றார். அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“பித்தளைக் கொடத்துல ஒரு சொம்பு மொண்டு தம்பிக்குக் குடு.”

குட்டு வாங்கியே வளர்ந்தவள் அல்லவா? எனக்கு அந்த நியாயம் புரியவில்லை.

“சித்தப்பா என்ன விருந்தாளியாம்மா?”

அம்மா அடுப்பை ஊதினாள். சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா அண்ணாந்து பாதியைக் குடித்தார். மீதியை என் கையில் கொடுத்து, “நீ குடி பாப்பா,” என்றார். சாலையில் லோரி ஹார்ன் அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் குடிக்கவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் சொம்பை உள்ளே கொண்டுபோய், அடுத்து யாராவது விருந்தாளி வந்தால் ஆகும் என்று, பித்தளைக் குடத்திலேயே திரும்ப ஊற்றினேன்.