எந்தத் திருப்பத்தில் தளர்ந்தது

குதிரை ரேஸ் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ரேஸ் பேப்பரை என்னைவிட நன்றாக வாசிக்கக்கூடியவர் யாரும் இருக்கவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் குடியைக் கெடுத்தது.

என் கணவர் தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பு. நான் பதுளையில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவள், தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கேயோ இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு இங்கே பதுளை டவுனில் பந்தயம் கட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் பேப்பர் வரும். ஒவ்வொரு குதிரையும் முன்பு எப்படி ஓடியது என்று அதில் அரை வரி கமெண்ட் இங்கிலீஷில் போட்டிருக்கும். அந்த அரை வரியை நான் அடுப்படியில் உட்கார்ந்து அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், “இது ஈஸ்ட்னு போட்டிருக்கு” என்றேன்.

“குதிரைக்கு எதுக்கும்மா ஈஸ்ட்டு? நமக்குப் பாண் சுடவே கெடைக்கல” என்றார்.

“அட மனுசா, பாணுக்குப் போடுற ஈஸ்ட் இல்ல. குதிரைமேல இருக்கிற ஜொக்கி பாதியிலேயே வெரட்டுறத விட்டுட்டான்னு அர்த்தம்.”

“ஏன் விட்டான்?”

அதுதான் கேள்வி. அடுத்த ஓட்டத்துக்கு மிச்சம் பிடிக்க விட்டிருக்கலாம். காலுக்குக் கீழே ஏதோ சரியில்லை என்று பயந்தும் விட்டிருக்கலாம். பேப்பர்க்காரன் அதைச் சொல்லமாட்டான். நாம்தான் பிடிக்க வேண்டும்.

ஜெயித்த குதிரையைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். தோற்ற குதிரைக்குச் சாக்கு கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தரை ஈரமாக இருந்தது, முதுகில் பாரம் அதிகம், இன்னொரு குதிரை குறுக்கே வந்தது என்று ஏதாவது இருந்தால் அந்தத் தோல்வியை மன்னித்துவிடலாம். நான் மன்னித்த குதிரைகள் பல அடுத்த வாரமே ஜெயித்தன. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் முன்னதைவிடச் சீக்கிரமாகத் தளரும் குதிரை ஒன்று இருக்கும். அதைத் தொடக்கூடாது. அதற்குள் ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் டவுனுக்குப் போய்ப் பந்தயம் கட்டிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸில் அவர் திரும்புவார். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதை, நல்ல ஏற்றம். அடுப்படி ஜன்னலில் நின்றால் ரோடு வரைக்கும் முழுப் பாதையும் தெரியும். ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு மிகக் கிட்டே, கோயில் திருப்பத்தில் நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். மலையை ரசிக்கிற ஆளே இல்லை அவர். மழை பெய்து பாதை வழுக்குகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அடுத்த வாரம் அதற்கும் கீழே, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை இருந்தது. சரி, பாரம். மூன்றாவது வாரம் காய்ந்த பாதை, வெறுங்கை. பீலிக்குக்கூட வந்து சேரவில்லை. ஒரு கையால் தேயிலைச் செடியையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஏறி வந்து சேர்ந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“என்னங்க, பாதி வழியில நின்னீங்களே?”

“வாய்வும்மா. டவுன்ல ரெண்டு வடை தின்னேன்.”

“நெஞ்சப் புடிச்சீங்க. நான் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“அடப் போங்க டீச்சரம்மா. எனக்கும் கமெண்ட் எழுதுறீங்களா? எழுதுங்க, வடையால் தடைபட்டதுன்னு.”

சிரித்துத் தொலைத்தேன். இஞ்சி தட்டிக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். அவருடைய சட்டை தொளதொளவென்று ஆகியிருந்ததும் கண்ணில் படாமல் இல்லை. அது மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்த காலம். தொழிலாளர் லயங்களில் எல்லோரும் கன்னம் ஒட்டிப்போய்த்தான் இருந்தார்கள். அதையும் மன்னித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது. ஒரு குதிரையைத் தொட்டுக் காட்டி, “இது எப்படி?” என்றார். வாசித்தேன். முதல் ஓட்டத்தில் கடைசி பர்லாங்கில் தளர்ந்தது. அடுத்ததில் இரண்டு பர்லாங் மிச்சமிருக்கும்போது. அதற்கடுத்ததில் மூன்று.

“இது கிட்டவே போகாதீங்க” என்றேன்.

“ஏன், பாவம்?”

பேப்பரை மடித்துவிட்டு அவரைப் பார்த்தேன். நாளைக்கு டவுனுக்குப் போகவேண்டாம், காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார். “இந்த ஒரு சனிக்கிழமை மட்டும். திங்கக்கிழம நீ கூப்புடுற எடத்துக்கு வாறேன், சாமி சத்தியமா.” இரண்டு நாள்தானே என்று ஒத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

சனிக்கிழமை ஐந்து மணி பஸ் வந்தது. அவர் இறங்கியதைப் பார்த்தேன். பாதையில் ஓர் எட்டுக்கூட எடுத்துவைக்கவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்த வாரம், எந்தத் திருப்பம், எந்தக் கையால் நெஞ்சைப் பிடித்தார், எவ்வளவு நேரம் நின்றார், உதடு எப்போது கறுத்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவையும் வடிவாக் கவனிச்சிருக்கிறீங்கள். பிறகேன் அம்மா நேரத்தோட கூட்டிக்கொண்டு வரேல்லை?”

நான் என் கணவருடைய போர்வையை இழுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். பாவி, பார்த்துக்கொண்டேதானே நின்றேன்! டொக்டர் மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருந்தாலாவது நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.