அப்பாவின் தோணி பாய் இறக்கிய மதியம்

யுத்த காலத்தில் அப்பாவின் தோணிக்கு வந்த வாழ்வைப் பார்த்து ஊரே வாய்பிளந்தது. நீராவிக் கப்பல்களையெல்லாம் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுவரை சீந்துவாரில்லாமல் கிடந்த பாய்மரத் தோணிக்குச் சரக்கு வந்து குவிந்தது. கொச்சியிலிருந்து கொப்பரை ஏற்றிப் போவார்கள், தூத்துக்குடியிலிருந்து உப்பு கொண்டுவருவார்கள். அப்பாதான் தண்டல், தோணியை நடத்துபவர். விளக்கு கூடாது, எங்கும் நிற்கக் கூடாது என்று சர்க்காரிடமிருந்து ஆயிரம் உத்தரவு. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஆனால் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு நேரே வந்ததும் பாயை இறக்கி நிறுத்தி, எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் தோணி நகரும். வேண்டாம் என்று அம்மா மல்லுக்கட்டினாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை.

எல்லைப் பேச்சு அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. மலையாள சமஸ்தானத்திலிருந்து தமிழ்ப் பகுதி பிரிய வேண்டும் என்று ஒருநாள் காஞ்சிரங்குளம் பக்கம் சந்தை முக்கில் ஒரு கூட்டம். அண்ணனும் போயிருந்தான். முன்பு நெய்யாற்றின்கரையில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டை ஊர் மறந்திருக்கவில்லை. அதனால் மீன் விற்றுவிட்டு எல்லாரும் வீட்டில் படுத்திருந்த உச்சிவெயிலில் டமார் என்று சத்தம் கேட்டதும், யாருக்கும் கடல் நினைவே வரவில்லை.

“போலீசு வெடி வச்சாச்சு! எம் பிள்ள அங்கயாக்கும்!” என்று அம்மா கிழக்கே ஓடினாள். பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் ஊர். இரண்டாவது சத்தம் கேட்டபோது இன்னும் வேகமாக ஓடினோம்.

முக்கில் அண்ணன் சர்பத் குடித்துக்கொண்டிருந்தான். “ஏம்மா இப்பிடி ஓடி வாற?” போலீஸ் வரவே இல்லையாம். அம்மா அவனை நாலு சாத்து சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டாள். சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பினோம். 

கரையில் தோணியின் சமையல்காரர் குப்புறக் கிடந்தார். பாய் இறக்கி நின்ற தோணியை, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மேலே எழும்பிச் சுட்டு மூழ்கடித்ததாக அவர்தான் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கட்டுமரங்கள் அத்தனையும் காய்ந்துகொண்டிருந்தன.

“தண்டலு எங்க?” என்று அம்மா கேட்டாள்.

“ஒரே பலகையிலதான் ரெண்டுபேரும் கிடந்தோம் அக்கா. அவருக்குக் காலு போச்சு. ‘எங்க ஊராக்கும், இப்ப மரத்த கடல்ல எறக்குவானுவ, பேடிக்காதலே’ன்னு முங்குறது வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு.”