வக்கீல் நாற்காலிக்கு ஒரு பலகை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது நான்தான். அதை நான் மறந்ததும் இல்லை, பிறரை மறக்க விட்டதும் இல்லை. காரோட்டில் தச்சுவேலை செய்துவந்த அப்பா என்னைப் படிக்க அனுப்பியது, எங்களோடு இருந்த அவருடைய அக்காவுக்கு, என் மாமிக்கு, பிடிக்கவில்லை. "பொட்டப்பிள்ள படிச்சு யாருக்கு என்ன ஆவப்போவுது? ஒரு தப்பு வரட்டும், அண்ணைக்கே நிறுத்திப்போடணும்" என்பாள் மாமி. அப்பா இழைப்புளியை இன்னும் வேகமாகத் தள்ளுவார். அவர் சொல்லும் பதில் அவ்வளவுதான்.

எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த காலம். எங்கள் ஊர் மாதிரி மலையாளப் பக்கம் இருந்த, தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று ஊர்வலம் போன சித்தப்பாவைப் போலீஸ் பிடித்து நெய்யாற்றின்கரையில் அடைத்தது. அங்கே இருந்த ஒரு மலையாளி வக்கீல் அவரை ஜாமீனில் எடுத்துக்கொடுத்தார். ஃபீஸ் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. யாரிடமும் சும்மா எதையும் வாங்கிக்கொண்டு திரும்பத் தெரியாத மனிதர்.

வக்கீலின் ஆபீசில் புதிதாகக் கனத்த கம்பளம் விரித்திருந்தார்கள். நாற்காலியும் புதிது, கால்களில் சிறிய உருளைகள். அவை கம்பளத்தில் புதைந்து நகர மறுத்தன. வக்கீல் ஒவ்வொரு தடவையும் எழுந்து நாற்காலியைத் தூக்கி வைப்பதை அப்பா வாசலில் நின்று கவனித்திருக்கிறார்.

"சாறே, கசேரைக்கு அடியில போட ஒரு பலகை செய்து தாறேன். பின்ன பாருங்க, தன்னால ஓடும்" என்றார். வக்கீல் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அளவெடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். சேற்றில் நடந்துவந்த காலோடு கம்பளத்தில் ஏற அவருக்கு மனம் வரவில்லை; வெளி வராந்தாவிலேயே நின்றுகொண்டார். என்னைக் கால் கழுவச் சொல்லி, கையில் ஒரு பனைநாரைக் கொடுத்தார். "மேசைக்கு ரெண்டு பக்கமும் பெட்டி உண்டில்லியா? அதுக்கு நடுவுல கால் நீட்டுத எடத்த அளந்து ஒரு முடிச்சு போடு. கசேர பின்னால எதுவர வருதுண்ணு பாத்து இன்னொரு முடிச்சு. வேற ஒண்ணும் வேண்டாம், மக்கா."

நாரை நீட்டிப் பிடித்ததுமே குமாஸ்தா பார்த்துவிட்டார். "எட்டீ, இது என்னது, பசுவக் கெட்டுத கயிறா?" வழக்குக்காகக் காத்திருந்த கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நாரைச் சுருட்டி ஜன்னல் வழியே எறிந்துவிட்டுப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்தேன். அத்தனை பேர் முன்னால் மேசைக்கடியில் தவழ முடியுமா? மேசையின் மேற்பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்து, நாற்காலி பின்னால் வரும் தூரத்தையும் அளந்து, நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். "ஓ, படிச்ச குட்டியாக்கும்!" என்றார் குமாஸ்தா. நான் பூரித்துப்போனேன்.

வெளியே வந்ததும் அப்பா, "நாரு எங்க?" என்றார்.

"அறுந்துபோச்சுப்பா. எல்லாம் எழுதி எடுத்திருக்கேன்."

"பெட்டிக்கு நடுவுலதானே அளந்த?"

"ஆமா."

"எழுத்து இருக்கும்ப நாரு எதுக்கு!" என்று சிரித்தார்.

அயினி மரப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து, சுற்றிலும் சட்டம் வைத்து, உருளை தட்டாமல் ஏறுவதற்காக விளிம்பைச் சரித்து இழைத்தார். ஓர் ஆணித்தலைகூட மேலே தெரியவில்லை. நான் நோட்டைப் பார்த்து அளவு சொல்ல, அவர் கோடு போட்டார். அகலத்தைச் சொன்னபோது மட்டும் அவர் கை நின்றது. "இம்புட்டா? மனுசன் ஒருத்தன் காலு நீட்டதுக்கு இம்புட்டு எடமா?"

"கணக்கு அப்படித்தான்பா வருது" என்றேன்.

மாட்டுவண்டியில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனோம். பலகை மேசைக்கடியில் போகவில்லை. இரண்டு பெட்டிகளும் அதை வெளியிலேயே நிறுத்திவிட்டன. வக்கீல் உட்கார்ந்து பார்த்தார். மேசை கைக்கு எட்டவில்லை.

"ஒரு மேசைக்க அடிய அளக்கத் தெரியாது. இவனுவளாக்கும் எல்லை அளக்க வந்திருக்கானுவ!" என்றார் குமாஸ்தா. அறையே சிரித்தது. வக்கீலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அப்பா கம்பளத்தில் ஏறினார். முட்டிபோட்டு, பெட்டிகளுக்கு நடுவே சாண் வைத்து அளந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, "எனக்க தப்பாக்கும் சாறே. கை பிசகிப்போச்சு" என்றார்.

பலகையை வராந்தாவில் போட்டு, மேசைப் பக்கம் வரும் இரண்டு மூலைகளையும் அறுத்தார். சட்டம் அறுபட்டதும் கோர்ப்பு இளகி ஒரு பலகை மேலே எழும்பியது. உருளை அதில் ஏறும்போதெல்லாம் 'டக்' என்றது. "போதும், போதும், நல்லாத்தான் இருக்கு" என்றார் வக்கீல். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டபின் அப்பா அந்தப் படி ஏறவேயில்லை.

விஷயம் எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. "இந்தப் பிள்ளதானே அளந்தது?" என்று மாமி வாசலிலேயே மறித்தாள்.

"நான்தான் அளந்தேன்" என்றார் அப்பா. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. உள்ளே போய்ச் சோற்றை அள்ளிப் போட்டு அதை அடைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லை வகுத்தார்கள். எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றது. நான் படித்து ஆசிரியையானேன். அன்று நாரை எறிந்துவிட்டு மேசையின் மேலே அளந்ததை, அப்பா இறக்கும்வரை அவரிடம் நான் சொல்லவில்லை.

பலகை செய்த அந்த வருஷமே பக்கத்துத் தெருவில் ஒருவர் வீடு கட்டினார். அப்பா அளந்து கோடு போட்ட கதவு நிலையை, வேறொரு தச்சரை வரவழைத்து மறுபடியும் அளக்கச் சொன்னார். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். புத்தகப் பையோடு நான் அந்த வழியாக வருவதைப் பார்த்ததும், "மணியடிச்சிரப் போவுது, வேகம் போ மக்கா" என்றார். வயதானால் தச்சர்களுக்குக் கை இப்படித்தான் தவறும்போல என்று நினைத்துக்கொண்டே நான் நடந்தேன். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.