கண்ணை மூடிக்கொண்டு ஏறியவர்

ஹட்டனில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவருக்கு வெள்ளைத் தாடி; 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். எந்த இரும்பையும் ஸ்பானர் சாவியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். முன்னும் பின்னுமாக இருவர் அமர்ந்து மிதிக்கும் எங்கள் சைக்கிளில், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்துவிட்டதால் அவரிடம் போய், பளபளப்பான ஒன்றை எடுத்தேன்.

"பின்னால யாரு?"

"எங்க வீட்டுக்காரி, நானா. கண்ணு தெரியாதுங்க."

"அப்ப இது காணாது. ரெண்டு பேரு பாரம், எறக்கம் வேற."

பலவற்றைத் தட்டிப் பார்த்து, தடித்த கறுப்பு ஃபோர்க்கைப் பூட்டினார். பிறகு பின்னிருக்கையில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எறக்கத்துல விடுங்க."

நான் ஓட்ட, வழியில் ஒரு பள்ளம் தூக்கிப் போட்டது; இறக்கம் முடிந்ததும் அவர் இறங்கி இடுப்பைத் தடவினார். "ஃபோர்க் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பள்ளம் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லல."

மறுநாள் மனைவியைப் பின்னால் ஏற்றிப் போகும்போது கூச்சத்தோடு, "பள்ளம்!" என்றேன்.

"இத்தனை வருசமா வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்று பின்னால் அவள் சிரித்தாள்.

கண் தெரிந்த அந்தக் கடைக்காரருக்கு, கண்ணை மூடி ஏறிப் பார்க்க எப்படித் தோன்றியது என்று இன்னும் யோசிக்கிறேன்.