தேவானந்தம் சார் வீட்டு விரிசல்

முடிச்சூரில் எங்கள் தெருவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களில் தலை மின்னுகிற ஒரே ஆள் தேவானந்தம் சார்தான். எண்ணெயால் அல்ல. படப்பை பக்கத்தில் ஒரு ஷெட்டில் வெர்மிகுலைட் பொரிக்கிற உலைக்கு அவர் ஆபரேட்டர். பொன்னாக மின்னும் ஒரு தாது அது; நாற்றங்கால் தட்டுகளிலும் தீப்பிடிக்காத பலகைகளிலும் போடுகிற சரக்கு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதோரம் இரண்டு பொன்துகள் மிச்சமிருக்கும். நான் அவருக்கு வைத்த பெயர் நகைக்கடை. அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

அவர் மனைவி ரத்தினபாய் டீச்சருக்கு ஒரே ஆசை, மாடியில் ஒரு வீடு. 2015 வெள்ளத்தில் கட்டில்மேல் நாற்காலி போட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவர். அதற்குப் பிறகு மழை பெய்தால் அவர் தரைத்தளத்தில் தூங்குவதில்லை. தூங்குவது போலப் படுத்திருப்பார், அவ்வளவுதான். மகள் பிளஸ்ஸி கேளம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். இந்த வீடு விற்றால்தான் அது.

விற்பதற்கு இடைஞ்சல், முன்னறைச் சுவரில் இருந்த விரிசல். மே மாதத்தில் சுண்டுவிரல் போகும். நவம்பரில் நகம்கூட நுழையாது. ஒரு கோடையில் சார் அதில் சிமெண்டை அடைத்து, பூசி, அழகு பார்த்தார். மழை வந்ததும் மூட நினைத்த விரிசலால் மூட முடியவில்லை. சுவர் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் பாத்ரூம் கதவை இறுக்கிவிட்டது. உள்ளே டீச்சர். கடப்பாரையோடு நாங்கள் நாலு பேர் போய்த்தான் மீட்டோம். மறுநாளே சார் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டார். அப்புறம் அதை அடைக்கவேயில்லை.

ஒரு மே மாதம் நான் அந்த விரிசலுக்கு மேலே கரியால் 'தபால் பெட்டி' என்று எழுதி வைத்தேன். தெருப் பிள்ளைகள் சீட்டு போட்டார்கள். நானும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் ஏதோ எழுதிப் போட்டேன். மழைக்கு விரிசல் மூடியபோது அதன் மஞ்சள் மூலை மட்டும் வெளியே நின்றுவிட்டது.

டிசம்பரில் புரோக்கர் சிட்டிபாபு வெள்ளையடிக்க ஆள் விட்டார். கரி எழுத்து போயிற்று. பத்திரிகையின் மூலையை மட்டும் பெயிண்டர் சுற்றி அடித்துவிட்டுப் போய்விட்டான். வீடு பார்க்க ஆள் வருகிற அன்று காலையில் சிட்டிபாபு சொன்னார்: "சுவரே வாய மூடிக்கினு கீது. நீயும் கம்முனு இரு சார். அட்வான்ஸ் வாங்கிட்டு பேசிக்கலாம்."

வந்தவர் பெயர் ஜெயகிருஷ்ணன். தாம்பரத்தில் ஏதோ ஆபீஸ். வீடு பிடித்திருந்தது முகத்தில் தெரிந்தது. ஹாலுக்கு எந்தத் திரைச்சீலை என்பது வரைக்கும் மனசுக்குள் போய்விட்டார். அப்போது மஞ்சள் மூலை கண்ணில் பட்டது. பிடித்து இழுத்தார். வரவில்லை.

"என்ன சார் இது, சுவத்துக்குள்ள?"

"அது இந்தத் தெரு பசங்க வேலை சார்," என்றார் சிட்டிபாபு, வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை முறைத்துக்கொண்டே. "வாலுங்க. பூசறப்ப சொருகி இருப்பானுங்க."

தப்பிக்க அது போதும். பழியும் சரியான ஆள்மேல்தான் விழுந்தது. நான் தலையாட்டக்கூடத் தயாராக இருந்தேன்.

தேவானந்தம் சார் சமையலறை வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இவரைப் பார்த்தார். பிறகு டீச்சர் உள்ளே திரும்பினார். லைட்டர் சத்தம் கேட்டது. அடுப்பு எரிந்தது.

"உள்ள வாங்க சார், ஒண்ணு காட்டுறேன்," என்றார் தேவானந்தம் சார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு எடுத்தார். பொரிக்காத வெர்மிகுலைட், பழுப்பான காக்காப்பொன் மாதிரி. இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினார். அது புழுவைப் போல நெளிந்து, ஆர்மோனியத் துருத்தி மாதிரி அடுக்கடுக்காக நீண்டது. சிட்டிபாபுவே வாயைப் பிளந்தார்.

"இது ஒரு காலத்துல கருப்பு மைக்கா சார். மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா, நம்ம கணக்கு இல்ல, லட்சக்கணக்குல, தண்ணியில ஊறி உள்ள இருக்குற பொட்டாசியம் போயிடும். அந்த எடத்துல தண்ணி உக்காந்துக்கும். சூடு பண்ணா தண்ணி ஆவியாகித் தள்ளும், விரிஞ்சிடும். விரிஞ்சா விரிஞ்சதுதான், திரும்பாது." அடுப்பை அணைத்தார். "இந்த வீட்டுக்கு அடியில இருக்குற களிமண்ணும் அடுக்குதான். ஆனா அது திரும்பும். மழையில தண்ணி குடிச்சு உப்பும், வெயில்ல காஞ்சு சுருங்கும். வருஷா வருஷம். வீடும் கூடவே ஆடும். இப்ப மூடியிருக்கு. மே மாசம் வந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க."

ஜெயகிருஷ்ணன் டீச்சர் போட்டுத் தந்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். சிட்டிபாபு காபிகூடக் குடிக்கவில்லை. அந்த மாதம் மூன்று நாள் மழை. மூன்று நாளும் டீச்சர் நாற்காலியில்தான் இருந்தார். சாரும் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிண்டல் ஒன்றும் தோன்றவில்லை.

மே மாதம் ஜெயகிருஷ்ணன் வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. கூடவே ஒரு இன்ஜினியர். இருவரும் விரிசலில் விரல் விட்டுப் பார்த்தார்கள். அஸ்திவாரத்தை ஆழத்துக்குக் கொண்டுபோய் வேலை செய்தால் தாங்கும் என்றார் இன்ஜினியர்.

"நாலு வீடு பாத்தேன் சார்," என்றார் ஜெயகிருஷ்ணன். "ஒருத்தரும் எதுவும் சொல்லல. இங்க என்ன கோளாறுன்னாவது தெரியுது."

அவர் கையை எடுத்தபோது பத்திரிகை தானாகவே கழன்று தரையில் விழுந்தது. டீச்சர் எடுத்துப் படித்தார். 'சுவருக்குள் இருப்பவருக்கு. விழுவதென்றால் சார் பக்கம் விழவும். டீச்சர் ஏற்கனவே தூங்குவதில்லை.'

யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. நானும் அப்போது கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேளம்பாக்கத்துக்குச் சாமான் ஏற்றிய அன்று பார்த்தேன். டீச்சர் அந்தப் பத்திரிகையில் ஒரு எழுத்தைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, பைபிளுக்குள் வைத்து மூடினார்.