ஐஸில் விழாத தக்சிலா

ஒஸ்லோவில் ஹவுகெட்டோ ஸ்டேஷன் படியை விட்டு இறங்கியதும் தக்சிலா நின்றுவிடுவாள். முன்னால் பேருந்துத் தரிப்பிடம் வரைக்கும் ஐஸ். நகரசபை தூவிய பொடிக்கல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். அவள் இடப்பக்கம் பார்ப்பாள், வலப்பக்கம் பார்ப்பாள். வயதான நோர்வேக்காரி யாராவது சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டி மாட்டிக்கொண்டு டக் டக்கென்று நடந்து வந்தால், மெல்லப் போய் அவளுடைய முழங்கையைப் பற்றிக்கொள்வாள். முதியவர்களைக் கைபிடித்து அழைத்துப்போகிற பெண் இந்தக் காலத்திலும் இருக்கிறாளே என்று பார்க்கிறவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். அழைத்துப்போகிறவள் அந்த நோர்வேக்காரி என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்படிப் பயந்து நடக்கிறவளுக்குத் தொழில் சண்டை. எட்டு மூலைக் கம்பிக் கூண்டுக்குள் இன்னொருத்தியோடு விட்டுக் கதவைச் சாத்துவார்கள். குத்தலாம், உதைக்கலாம், தூக்கி விழுத்தலாம், விழுந்தவளின் கழுத்தைக் கையால் வளைத்து, போதும் என்று அவள் தட்டுகிற வரைக்கும் இறுக்கலாம். இதற்குக் கலப்புத் தற்காப்புக் கலை என்று பெயர். தற்காப்பு யாருக்கு என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதில் தக்சிலாவுக்கு ஒரு பயமும் கிடையாது. "அங்கை என்னை விழுத்துறவளின்ரை முகம் தெரியும் மாமி. இஞ்சை ஆரெண்டே தெரியாமல் விழவேண்டிக் கிடக்கு" என்று தாய்மாமன் மனைவியிடம் சொல்வாள்.

அவள் பிறந்து வளர்ந்தது மெல்பேணில். பதின்மூன்று வயதில் தகப்பன் ஒவ்வொரு சனிக்கிழமையும் பரதநாட்டிய வகுப்பு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பிள்ளை முன்கதவால் போய்ப் பின்கதவால் வெளியேறி, அடுத்த மண்டபத்தில் நடந்த கிக்பொக்சிங் வகுப்பில் நிற்பாள். அரங்கேற்றத்துக்கு நாள் பார்க்கலாமா என்று தகப்பன் ஆசிரியையிடம் கேட்டபோதுதான், அப்படியொரு மாணவியைத் தனக்கு ஞாபகமில்லை என்று அந்த அம்மா சொன்னார். வீட்டில் பெரிய வெடி வெடித்தது. வெடித்த பிறகு எந்த வீட்டிலும் நடப்பதுபோல, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவாயிற்று. அந்த முடிவு இருபது வருடமாக அமுலில் இருக்கிறது.

மெல்பேண், பேர்த், கோல்ட் கோஸ்ட் என்று சண்டை பிடித்தவள், மல்யுத்தம் நன்றாகத் தெரிந்த ஒரு பயிற்சியாளரைத் தேடி மூன்று மாதத்துக்கென்று ஒஸ்லோ வந்தாள். இது நாலாவது குளிர்காலம். பியோர்ண்டாலில் தாய்மாமன் குணசிங்கம் வீட்டில் கடைசி அறை அவளுடையது. நோர்வேச் சட்டத்துக்கு இந்தச் சண்டையோடு அவ்வளவு ஒத்துவராது. ஆகையால் அடிவாங்குவதற்குச் சுவீடனுக்கோ டென்மார்க்குக்கோ பஸ் ஏறவேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு, காலையில் ஒரு பார்னஹாகவில், அதாவது மழலையர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. கூண்டுக்குள் கடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பார்னஹாகவில் அந்த விதி இல்லை. அவளுடைய முன்கையில் இருக்கிற பல்லடையாளம் எல்லாம் மூன்று வயதுக்காரர்கள் போட்டவை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பயிற்சியில் யாருக்காவது சரியாக ஒரு குத்து விழுந்தால் உடனே "சொறி" என்று மன்னிப்புக் கேட்பாள். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். வென்ற சண்டைகளைப் பற்றிக் கேட்டால், "அண்டைக்கு அவவுக்குச் சுகமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாள். தோற்ற சண்டை என்றால் உட்கார வைத்து, எந்தக் கால் எங்கே வந்தது என்று தேநீர் ஆறும்வரை விளக்குவாள். சண்டைக்கு முந்திய கிழமையில் பாரம் குறைக்கவேண்டும். அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும்தான் சாப்பாடு. அந்த நாட்களில் மாமி மீன்குழம்பு வைத்தால், சட்டிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். "வாசத்துக்குப் பாரமில்லைத்தானே மாமி."

மாமி என்பது குணசிங்கத்தின் மனைவி பூரணி. திருகோணமலைக்காரி. முதியோர் இல்லத்தில் வேலை. மருமகள் மேல் உயிர். மருமகளின் தொழில் மட்டும் தொண்டைக்குள் முள்ளாக நின்றது. தக்சிலா முதன்முதலாகக் கண் வீங்கி வந்த கிழமை, லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் விழா. சத்தியபாமா என்கிற பெண்மணி, எந்த விழாவிலும் முன்வரிசையில் இருக்கிறவர், "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். பூரணி மாமி மூச்சு விடாமல் சொன்னார்: "ஐஸிலை வழுக்கி விழுந்தவ."

ஒஸ்லோவில் இதைவிட நல்ல பொய் கிடையாது. எல்லோரும் விழுகிற ஊர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்தியபாமா, விழுந்த பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், அந்த ஆணிப்பட்டி. இங்கே அதற்கு பிறோடர் என்று பெயர். அதன் பிறகு உதடு வெடித்தாலும் ஐஸ், மூக்கு வீங்கினாலும் ஐஸ். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு சோடி பிறோடர் கொண்டுவந்தார்கள். ஒரு முறை ஜூன் மாதம் புருவம் கிழிந்தபோதும் மாமியின் வாயில் பழக்கதோஷத்தில் ஐஸ் வந்துவிட்டது. கேட்டவர்கள் வெயிலைப் பார்த்தார்கள், மாமியைப் பார்த்தார்கள், "ஓமோம், கவனமாய் நடக்கச் சொல்லுங்கோ" என்றார்கள். அந்த மாதமும் ஒரு சோடி வந்தது.

தக்சிலாவின் அலுமாரி அடித்தட்டில் பிறோடர் கடையே வைக்கலாம். ஆனால் அவள் ஒன்றைக்கூடக் காலில் மாட்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி நடப்பாளே தவிர, அதைத் தொடமாட்டாள். குணசிங்கம் மாமா ஒரு நாள் காரணம் கேட்டார். "அதைப் போட்டா நான் ஐஸிலை விழுறவ எண்டு ஆயிடும் மாமா. நான் ஐஸிலை விழேல்லை. ஒருநாளும் விழேல்லை."

அவளுடைய ஆற்றாமை அதுதான். மெல்பேணில் தாய், "பிள்ளை ஜிம்மிலை மனேச்சர்" என்கிறார். ஒஸ்லோவில் மாமி ஐஸ் என்கிறார். வயது முப்பத்துமூன்று. இந்தத் தொழில் இன்னும் இரண்டு வருடமோ மூன்று வருடமோ. அது முடிவதற்குள் தன்னுடைய ஆட்களில் ஒருவர், ஒரேயொரு தடவை, நாலு பேருக்கு முன்னால், இவள் சண்டை பிடிக்கிறவள் என்று சொல்லிவிட வேண்டும். பெரிய பட்டம் வெல்வதைவிட அவளுக்கு அந்த ஆசைதான் பெரிது. கேட்டு வாங்குவதற்கும் மனம் வரவில்லை.

இந்தத் தை மாதம் சுவீடனில், கோத்தன்பர்க்கில் ஒரு சண்டை கிடைத்தது. முந்திய இரண்டும் தோல்வி. இதிலும் தோற்றால் இனிக் கூப்பிடமாட்டோம் என்று அமைப்பாளர் சொல்லிவிட்டார். சண்டைக்கு நாலு நாள் இருக்கும்போது, பேருந்தால் இறங்கி வீட்டுக்கு ஏறுகிற சரிவில், கைபிடிக்க ஒரு நோர்வேக்காரியும் அகப்படாமல், தக்சிலா விழுந்தாள். உண்மையாகவே விழுந்தாள். இடுப்பு முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிற்று.

யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற பூரணி மாமி செருப்போடு ஓடிவந்து தூக்கினார். உள்ளே கொண்டுபோய் இருத்தி, இடுப்புக்கு வேப்பெண்ணெய் தடவினார். பிறகு கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டார்.

"எலும்பு ஒண்டும் முறியேல்லை மாமி. ஏன் அழுறீங்கள்?"

"நான்தான் பிள்ளை செய்தது. இந்தச் சண்டை நடக்கக்கூடாது எண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனான். எப்பிடி நடக்கக்கூடாது எண்டு விவரமாச் சொல்லேல்லை. அவர் தனக்குத் தெரிஞ்சமாதிரிச் செய்துபோட்டார்."

தக்சிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலியோடு சிரித்தாள். "அப்ப நடக்கவேணும் எண்டு இன்னொரு தேங்காய் உடையுங்கோவன்."

"காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு எண்டு அவரோடை கதைக்கேலாது." மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நீ சண்டைக்குப் போறதெண்டால் நானும் வாறன். அவர் ஏதும் செய்யிறதெண்டால் எனக்கு முன்னாலை செய்யட்டும்."

அப்படித்தான் பூரணி மாமி, குணசிங்கம் மாமாவையும் கூட்டிக்கொண்டு, முதன்முதலாக ஒரு சண்டை பார்க்கப் போனார். பஸ்ஸில் தக்சிலாவால் நேராக உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். போகும் வழியெல்லாம் மாமி அவளுக்கும் யன்னலுக்கும் நடுவில் தன் குளிர்கோட்டைச் சுருட்டிச் சுருட்டி வைத்தார். பாரம் நிறுக்கும்போது மண்டபத்து மருத்துவர் இடுப்பைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்ன நடந்தது என்று கேட்டார். ஐஸில் விழுந்தேன் என்றாள் தக்சிலா. அவர் நம்பவில்லை. பயிற்சியில் வாங்கிய அடியை ஒளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, குனிந்து நிமிரச் சொல்லி, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி, இடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஐஸில் விழுந்தது, யாரும் நம்பாத செய்தியாகப் போய்விட்டது.

சண்டை மூன்று சுற்று. எதிரி உயரமான டென்மார்க்காரி, கை நீளம். முதல் சுற்றில் மாமி விரல்களால் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கால் பார்த்தார். இரண்டாவது சுற்றில் தக்சிலாவின் இடக்கண் வீங்கி மூடியது. மூன்றாவது சுற்றில் அவள் குனிந்து அந்த உயரக்காரியின் காலை வாரிப் பாயில் போட்டு, மேலே ஏறி இருந்துவிட்டாள். அப்போது மாமி எழுந்து நின்றார். தன்னையறியாமல் "எழும்ப விடாதை பிள்ளை, அமத்து" என்று கத்தினார். பக்கத்திலிருந்த குணசிங்கம் மாமா, முப்பது வருடமாகத் தனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த குரல் இன்று பொதுவில் கேட்கிறதே என்று அவரைத் திரும்பிப் பார்த்தார். மணி அடித்ததும் தக்சிலா எதிரியின் காதருகில் குனிந்து ஏதோ சொன்னாள். சொறி என்றுதான் இருக்கும். மூன்று நடுவர்களில் இருவர் அவளுக்குப் போட்டார்கள். வென்றுவிட்டாள்.

அடுத்த கிழமை கோயிலில் தைப்பூசம். தக்சிலா சேலை கட்டி வந்திருந்தாள். கண்ணைச் சுற்றி ஊதா வற்றிப் பச்சையும் மஞ்சளுமாக நின்றது. அன்னதான வரிசையில் முன்னால் நின்ற சத்தியபாமா திரும்பினார். கண்ணைப் பார்த்தார். மனிதருக்கு மனிதர் செய்யவேண்டிய மரியாதையாக, பதிலையும் தானே எடுத்துக் கொடுத்தார்.

"திரும்பவும் ஐஸிலையோ?"

தக்சிலா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது பக்கத்தில் நின்ற மாமிக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"இல்லை" என்றார் பூரணி மாமி. வரிசை முழுவதுக்கும் கேட்டது. "இவ சண்டை பிடிக்கிறவ. சுவீடனிலை போய்ப் பிடிச்சவ. மற்றவளின்ரை முகத்திலை ஒரு கீறலுமில்லை. அதைப் பாத்து ஒருத்தரும் பிழையா நினைக்கவேண்டாம். வெண்டது இவ."

சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார்.

சத்தியபாமா சாவகாசமாகத் தட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "தெரியும் பூரணி அக்கா. வீட்டிலை எல்லாருமா இருந்து போனிலை பாத்தனாங்கள். மூண்டாவது ரவுண்ட் நல்லாச் செய்தவ."

மாமி அவர் பக்கம் திரும்பிக் கேட்டார். "எப்ப தொட்டுத் தெரியும்?"

"தொடக்கத்திலையே தெரியும்."

"அப்ப ஏன் இவ்வளவு பிறோடர் கொண்டந்து தந்தனீங்கள்?"

"நீங்கள் ஐஸெண்டு சொன்னியள்" என்றார் சத்தியபாமா. "விழுந்த பிள்ளையைப் பாக்க வெறுங்கையோடை எப்பிடி வாறது?"

சாம்பார் வாளி மறுபடி நகர்ந்தது. தக்சிலாவுக்கு யாரும் கேளாமலே இரண்டாம் தடவை சோறு விழுந்தது. இந்தக் கிழமை பாரம் பார்க்கத் தேவையில்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். வீங்கிய கண்ணிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்தது. ரசத்துக் காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது கோயில் வாசலிலிருந்து கார் நிற்கிற இடம்வரைக்கும் ஐஸ் பளபளத்தது. மாமி வழக்கம்போலத் தன் கைப்பையிலிருந்து ஒரு சோடி பிறோடர் எடுத்தார். தனக்கு மாட்டுவதற்காகக் குனியப்போனார்.

தக்சிலா கையை நீட்டி அதை வாங்கினாள். வாசற்படியில் இருந்து, சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு சப்பாத்தில் மாட்டி இழுத்தாள். பிறகு மற்றதில் மாட்டினாள். எழுந்து நின்று, ஆணி பிடிக்கிறதா என்று இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, மாமி பிடித்துக்கொள்வதற்குத் தன் முழங்கையை நீட்டினாள்.